கட்டு எண், அடுக்கு எண், அழிக்கும் ஆண்டு

ஓய்வூதியர் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம், அகவிலைப்படி, இந்த மூன்றைச் சுற்றியே பேச்சு போகும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டில் சேர்ந்துபோன சாமான். "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கப்பா" என்கிறார்கள் பிள்ளைகள். "இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்கிறோம் நாம். இரண்டு பக்கமும் பல்லவியையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருக்கிறோம். சரணத்துக்கு யாரும் போவதில்லை.

அந்தச் சரணத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள் பதிவறையில் கழித்தவன் நான். பதிவறைக்கு மாற்றினால் தண்டனை என்று நினைப்பார்கள். தூசி, பாச்சை உருண்டை வாசனை, வெளிச்சமில்லாத அடுக்குகள். எனக்கு என்னவோ அந்த இடம் பிடித்திருந்தது.

அரசு அலுவலகம் என்றாலே குப்பையாகக் கோப்பு குவிந்து கிடக்கும் இடம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். குவிந்து கிடப்பதும் உண்டு. ஆனால் சென்னை மாகாணக் காலத்திலிருந்து நாங்கள் பின்பற்றிய டாட்டன்ஹாம் முறையில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஒரு கோப்பு முடியும்போது, அதை முடிக்கிறவரே அதன் ஆயுளையும் எழுதிவிட வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். பத்தாண்டு. ஆர்.டிஸ். நிரந்தரம். என்.டிஸ். என்றால் வந்த மூலத் தாளையே திருப்பி அனுப்பிவிடுவது; நம்மிடம் ஒன்றும் தங்காது.

இதில் என்ன அருமை என்று கேட்பீர்கள். முடிவெடுக்கிற நாளைப் பாருங்கள். அந்தத் தாள் என்ன, எதற்கு வந்தது, யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் மனத்தில் பசுமையாக இருக்கும் அன்றைக்கே அதன் முடிவு எழுதப்படுகிறது. இருபது வருடம் கழித்துத் தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு, "இது என்னவாக இருக்கும்?" என்று ஒருவன் தலையைச் சொறிய வேண்டியதில்லை. அட்டையில் இருப்பதைப் பார்த்து அழிக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுவோம், அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவோம், அப்புறம் அழிப்போம். வைக்க வேண்டியதற்குக் கட்டு எண், அடுக்கு எண். வைப்பதும் கழிப்பதும் எங்களுக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள்.

வீட்டில் நாம் செய்வது நேர்மாறு. ஃபிரிட்ஜ் வாங்கின அன்று அட்டைப்பெட்டியோடு ரசீதையும் பரணில் ஏற்றுகிறோம். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் பழைய இரும்புக்காரனிடம் போய் ஏழு வருடம் ஆன பிறகும் ரசீது பத்திரமாக இருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து அவியல் வந்த டிபன் டப்பா நம் அலமாரியிலேயே மூன்று பொங்கல் பார்க்கிறது. அது சுத்தமான என்.டிஸ். கேஸ்!

படித்த பள்ளிக்கூடமும் எனக்கு இதைத்தான் சொல்லித் தந்திருந்தது. என் சிறுவயது புதுச்சேரியில் போயிற்று. படிப்பு பிரெஞ்சு மொழியில். அங்கே ஒவ்வொரு பையனிடமும் இரண்டு வகை நோட்டு இருக்கும். ஒன்று 'புரூயோன்', அதாவது கிறுக்கல் நோட்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்பது, அடிப்பது, திருத்துவது எல்லாம் அதில். மற்றது 'புரோப்ர்', சுத்தப்பிரதி. வருட முடிவில் புரூயோனைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டு வேர்க்கடலை வாங்கித் தின்போம். சுத்தப்பிரதிக்கு அட்டை போட்டு அம்மா எடுத்து வைப்பாள். அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டோம். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வராக எழுதி, அப்புறம் இந்தச் சர்க்கார் உத்தியோகம். அது வேறு கதை.

இப்போது இதை எழுத வேண்டி வந்ததன் காரணத்தைச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இருந்த மூன்று கட்டு வாடகை வீட்டை விட்டு, மகன் வேலைக்கு வசதியாக ஒரகடம் பக்கம் இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய சாமான், என் சாமான், என் அப்பாவின் டிரங்குப்பெட்டி, இவை எல்லாம் இனி ஒரே அறைக்குள் அடங்க வேண்டும்.

மருமகள் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'ஃபைவ் எஸ்' மனப்பாடம். 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அவற்றைச் சுற்றி முளைத்த சின்னச் சின்ன பட்டறைகளின் சுவரில்கூட இந்த ஐந்து ஜப்பானியச் சொற்களைப் பார்க்கலாம். செய்ரி, செய்டோன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்து அகற்று, வேண்டியதை எடுக்க வசதியாக வை, துடை, அதையே முறையாக்கு, பழக்கமாக்கு. (ரெனோ என்று நான் பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னால் தெருவில் சிரிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடி ஆலையை 'சேங் கோபேன்' என்று சொல்லும் ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.)

தொழிற்சாலையில் சந்தேகமான பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்களாம். என்ன பொருள், ஒட்டிய தேதி, ஏன் ஒட்டினோம் என்று அதில் எழுதி ஓர் ஓரமாக வைப்பார்கள். குறித்த நாளுக்குள் யாரும் உரிமை கோரி வரவில்லையென்றால் அது வெளியே போகும். மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்புச் சீட்டுக் கட்டோடு என் அறைக்குள் வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் என் அறை அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. தேதி போட்டு, காரணம் எழுதி, கெடு வைத்து, அப்புறம் கழிப்பது எங்கள் பதிவறை வேலைதானே! ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து 'எஸ்'ஸில் பெரும்பாலோர் முதல் 'எஸ்'ஸோடு நின்றுவிடுகிறார்கள். தூக்கிப் போடுவதில் ஒரு குஷி இருக்கிறது. ஒரு நாளில் முடிந்துவிடும், இடம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது 'எஸ்' அப்படியில்லை. எது எங்கே என்று யோசித்து, எழுதி, ஒட்டி வைப்பது பொறுமையான வேலை. அதை விட்டுவிட்டால் ஆறே மாதத்தில் வீடு பழையபடி நிரம்பும்.

நம் பழைய வீடுகளில் இந்த இரண்டாவது வேலையை வீட்டைக் கட்டிய கொத்தனாரே பாதி செய்து வைத்திருந்தார். பரண், மாடக்குழி, உறி, குதிர், அஞ்சறைப்பெட்டி, அடுக்குப்பானை. கடுகுக்கு ஓர் இடம், மிளகுக்கு ஓர் இடம். இருட்டில் கைவிட்டாலும் வெந்தயம் வெந்தயமாகவே வரும். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டுவோமே, அதைவிட நல்ல அட்டவணை உண்டா? என் மனைவியின் பாத்திரங்களைப் பிரித்தபோது எது எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த அத்தை கொடுத்தது என்று ஒவ்வொன்றும் தானே வாய்திறந்து சொல்லிற்று. பங்கு பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெயர் வெட்டாத புதுப் பாத்திரங்கள்தான் தகராறு.

இன்னொன்றும் அப்போது இருந்தது. சாமான் வெளியே போக வழி இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வருவார். படித்த பேப்பர் கடலை மடிக்கப் போகும். கிழிந்த வேட்டி கரித்துணி ஆகும். வருடத்துக்கு ஒரு போகி. ஆயுதபூஜைக்கு முன்னால் சுத்தியல், திருப்புளி எல்லாம் வெளியே வந்து எண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே போகும். இன்றைக்குச் சேருகிற பிளாஸ்டிக்குக்கும் ஒயருக்கும் அந்த வழி இல்லை. போகியன்று எரித்தால் ஊரே இருமுகிறது. வரவு வாசல் பெரிதாகி, செலவு வாசல் அடைபட்டுப் போயிற்று. நாம் சோம்பேறிகள் ஆகிவிட்டோம் என்று பிள்ளைகள் சொல்வது பாதிதான் உண்மை.

மற்ற சாமான்களைப் பற்றி நான் அதிகம் சண்டை போடமாட்டேன். உடைந்த மிக்ஸி போகட்டும். காகிதம் வேறு விஷயம். இந்தப் பக்கத்து மண்ணில் காகிதம் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

சிப்காட்டுக்காக இந்த வட்டாரத்தில் நிலம் எடுத்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முதலில் 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி. பின்னால் தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க என்றே தமிழக அரசு கொண்டுவந்த 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி. இழப்பீடு வாங்க வேண்டுமானால் நிலம் தன்னுடையது என்று காட்ட வேண்டும். யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்ததே, அதில் பலருடைய பெயர் மாறியோ விட்டோ போயிருந்தது. அண்ணன் பெயரில் தம்பி நிலம், தாத்தா பெயரிலேயே பேரன் நிலம். உரிமையில் தகராறு என்று வந்துவிட்டால் பணம் கைக்கு வராது, நீதிமன்றத்தில் கட்டப்படும். அப்புறம் வக்கீல், வாய்தா.

அந்த நாளில் ஒரு பாட்டி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பழைய ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே அவர் புருஷன் காலத்துக் கிரயப் பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி ரசீதுகள். ரசீதுகளை வருடவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். நூலை அவிழ்க்கவும் விடவில்லை. "அப்படியே புரட்டிப் பாருங்க சாமி" என்றார். அவர் விஷயம் தகராறில்லாமல் முடிந்தது. அதே வாரத்தில் வசதியான குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். வீட்டில் மூன்று பெட்டி நிறையத் தஸ்தாவேஜு இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். இருந்ததும் உண்மைதான். எந்தப் பெட்டியில் எது என்று தெரியவில்லை. மூன்றாவது பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்திருந்தார்கள். திறந்தபோது கரையான் புற்றாக இருந்தது. பாட்டி வைத்திருந்தது ஒரு டப்பா, அவர் வைத்திருந்தது மூன்று பெட்டி. எது அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளமும் இதைத்தான் காட்டியது. வரதராஜபுரம், முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதம் எல்லாம் கூழாயிற்று. பத்திரமான இடம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்த்தட்டு லாக்கர்தான்! இழந்த சான்றுகளுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம் நடத்தியது, நல்ல காரியம். ஆனாலும் நகல் வாங்கவே எண்ணும் தேதியும் தெரிய வேண்டுமே. பத்திர எண், ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று ஒரு நோட்டில் எழுதி மகள் வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வைத்திருந்தவர்களுக்கு அலைச்சல் பாதி மிச்சம். வில்லங்கச் சான்றை இப்போது இணையத்தில் 1975 வரை பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தைய பத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கண்ணாக வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் பிறகு பிரிக்கவே முடியாது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். மருமகள் கடைசியாகச் சிவப்புச் சீட்டு ஒட்டியது என் அப்பாவின் டிரங்குப்பெட்டியில். முழுக்கப் பிரெஞ்சுக் காகிதம். பிறப்புப் பதிவு நகல்கள், நொத்தேர் எழுதிய வீட்டுப் பத்திரம், சைகோனில் வேலை பார்த்த பெரியப்பா எழுதிய கடிதங்கள், எதற்கென்றே தெரியாத ரசீதுகள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அப்புறம் இத யாரு படிக்கப் போறா?"

நியாயமான கேள்வி. அவள் மனசு நோகக் கேட்கவில்லை; கணக்குக் கேட்பது போலக் கேட்டாள். இந்த வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன். எனக்குப் பிறகு இந்தப் பெட்டிக்கும் கரையான் தின்ற பெட்டிக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது.

ஒரு மாதம் கெடு கேட்டேன். கொடுத்தாள். தினமும் காலைக் காபிக்குப் பிறகு பத்துக் காகிதம் எடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு: இது என்ன, யாருடையது, எந்த வருடம், ஏன் வைத்திருக்கிறேன். நாலே வரி. எழுத எழுத ஒன்று தெரிந்தது. முதல் மூன்று வரி சுலபமாக வந்துவிடும். நாலாவது வரியில் பேனா நிற்கும். 1961ஆம் வருடத்துச் சைக்கிள் பழுதுபார்த்த ரசீதை ஏன் வைத்திருக்கிறேன்? பதில் வரவில்லை, வெளியே போயிற்று. விற்றுப்போன வீட்டின் வரி ரசீதுகள் போயின. யார் என்றே தெரியாத ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகை போயிற்று. யாரும் சொல்லி நான் எறியவில்லை. எழுத உட்கார்ந்தேன், அவை தாமே எழுந்து போயின. ஒரு பெட்டி காகிதம் இரண்டு அட்டைக் கோப்பில் அடங்கிற்று.

மிஞ்சியதில் ஒன்று சீக்கிரமே வேலை செய்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. உறவில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிளையில் ஒரு பையன் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு விவரம் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். கோப்பு 1, சீட்டு 17. பேச்சு முடிவதற்குள் படித்துச் சொல்லிவிட்டேன். மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கோப்பு வைக்க அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

பிரெஞ்சுக்காரர்களிடம் 'லிவ்ரே த ஃபாமீய்' என்று ஒரு குடும்பப் புத்தகம் உண்டு. கல்யாணத்தன்று சர்க்கார் கொடுக்கும். கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு, இறப்பு எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் பதிவாகும். நமக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை என்பதால் எண்பது பக்க நோட்டில் நானே ஒன்று செய்துவிட்டேன். ஓய்வூதியக் கொடுப்பாணை எங்கே, குடும்ப விவரம், எந்த வங்கியில் எந்தக் கணக்கு, வாரிசுதாரர் யார், காப்பீட்டுப் பத்திர எண், சமையல் எரிவாயு இணைப்பு யார் பெயரில், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு. வங்கியில் பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. உரியவர் பிறகும் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு 2023இல் 'உத்கம்' என்று ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு தளம் தேவைப்படுகிறது என்றால், எத்தனை அப்பாக்கள் பாஸ்புத்தகத்தை 'பத்திரமாக' வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பாருங்கள்.

புது வீட்டின் மாடியில் நாலு பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஒடிசா, ஒருவன் பீகார், இரண்டு பேர் திருநெல்வேலிப் பக்கம். ஆளுக்கு ஒரு பை, ஒரு பாய், நாலு பேருக்கும் ஒரு பக்கெட். எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் அவர்களுக்குப் புரியாது. ஆனால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல், சான்றிதழ்களோடு, தலைமாட்டில். ஷிஃப்டுக்குப் போகும்போது அதைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

மீதி இருப்பது ஒன்றே ஒன்று. என் மனைவியின் வீட்டுக்கணக்கு நோட்டுகள். கல்யாணமான வருடத்திலிருந்து எழுதியவை, முப்பத்தெட்டு நோட்டு. பால், மளிகை, தையல்கூலி, பெரியவனுக்கு இருமல் மருந்து. கணக்கு நேராகாத நாளில் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருப்பாள். இதற்குச் சீட்டு எழுத உட்கார்ந்தால் முதல் மூன்று வரி வருகிறது, நாலாவது வரவில்லை. என் விதிப்படி இவை போக வேண்டும். மருமகளிடமே சொன்னேன். அவள் ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, பொருளின் பெயர் எழுதி, தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டு மேல்நோட்டில் ஒட்டிவிட்டுப் போனாள்.

தினம் ஒரு நோட்டு வாசிக்கிறேன். இப்போது 1987 ஜூலையில் இருக்கிறேன். தக்காளி விலை ஏறியிருக்கிறது.